சீதனமில்லாத மகள்

பெண்ணொருத்தி விழிப்படையும் கதை நம் முற்போக்கு எழுத்தாளர்களுக்கு மிகவும் உவப்பானது. முதற் பக்கத்தில் அவள் அடுப்படியிற் கண்ணீர் வடிப்பாள். நடுப்பக்கத்தில் கண்ணாடி அணிந்த இளைஞனொருவன் அவளுக்குப் புத்தகமொன்றை இரவல் கொடுப்பான். கடைசிப் பக்கத்தில் அவள் நிமிர்ந்து நின்று சிறியதொரு சொற்பொழிவை ஆற்றிவிட்டு வீட்டை விட்டு வெளியேறுவாள். கதை அத்துடன் முடிந்துவிடும். அன்றிரவு அவள் எங்கே படுத்தாள், மறுநாட் காலையில் யாருடைய காசில் தேநீர் குடித்தாள் என்பன ஆசிரியரின் கவலைகளல்ல. இத்தகைய கதைகளை எழுதுவோரின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் நல்லெண்ணம் வேறு, மெய்ம்மை வேறு. கொள்கையொன்று மனிதரை வந்தடையும் வழி இவர்கள் நினைப்பதுபோல் நேர்வழியன்று; பலவேளைகளில் அது கொள்கையின் வழியாகவே இருப்பதில்லை.

இதனை எண்ணிப் பார்ப்பதற்கு உதவும் நூலொன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். பிரெஞ்சு எழுத்தாளரான சிமோன் த பூவா 1958 இல் வெளியிட்ட தன்வரலாற்றின் முதற் பாகம் அது. அதன் தலைப்பைக் 'கடமை தவறாத மகளின் நினைவுகள்' எனத் தமிழிற் கூறலாம். மறு ஆண்டிலேயே ஜேம்ஸ் கேர்க்கப் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நான் படித்தது அம்மொழிபெயர்ப்பையே. 1908 ஜனவரியில் ஆசிரியை பாரிஸ் நகரிற் பிறந்ததிலிருந்து 1929 ஆம் ஆண்டின் இறுதிவரையுள்ள காலம் இந்நூலில் அடங்குகின்றது.

பூவாவின் பெயரை நம்மவர் அறிந்தது 'இரண்டாம் பால்' என்ற பெருநூலின் மூலமாகவே. 1949 இல் இரு பகுதிகளாக வெளிவந்த அந்நூலை 1956 இல் வத்திக்கான் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலிற் சேர்த்தது. அதை எழுதியவர் ஒன்பதாண்டுகள் கழித்துத் தம் இளமையைப் பற்றி எழுதப் புகுந்தார் என்றால், தாம் எவ்வாறு பெண்ணிலைவாதியாக உருவாகினார் என்பதைத்தான் கூறுவார் என நாம் எதிர்பார்ப்போம். அவ்வெதிர்பார்ப்புடன் நூலைத் திறப்பவர் ஏமாற்றமடைவர். கண் திறந்த கணம் இதுவென்று சுட்டிக்காட்டும் ஓர் அத்தியாயமேனும் இதில் இல்லை. இருப்பது ஒரு நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் வரவுசெலவு, கத்தோலிக்கப் பாடசாலை, பரீட்சைகள், ஒரு தோழியின் சாவு. நூலின் சிறப்பே இதில்தான் உள்ளது என்பது என் கருத்து.

வரவுசெலவிலிருந்து தொடங்குவோம். பூவாவின் தந்தை ஜோர்ஜ் ஒரு வழக்கறிஞர். ஆனால் மனம் முழுவதும் நாடக மேடையில். பிரபுக்களின் தோரணை அவருக்குண்டு. அவர்களின் செல்வம் இல்லை. தாய் பிரான்சுவாஸ் வேர்டன் நகர வங்கியாளர் ஒருவரின் மகள். அவ்வங்கி 1909 இல் முறிந்தது. பேசிய சீதனம் கொடுபடவில்லை. பின்னர் உலகப்போர் வந்தது. அதன் நடுவே ருஷ்யாவிற் புரட்சி வந்தது. தந்தை பணம் போட்டிருந்த ருஷ்யச் சுரங்கப் பங்குகளும் புகையிரதப் பங்குகளும் வெறுங் காகிதமாயின. அக்டோபர் புரட்சி உலகுக்குச் செய்த நன்மைகளை நம் சஞ்சிகைகள் பலவாறு எண்ணியிருக்கின்றன. பாரிஸ் நகரத்து வழக்கறிஞர் ஒருவரின் மகளுக்குச் சீதனம் இல்லாமற் செய்ததையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். 1919 இல் குடும்பம் ரென் வீதியில், குளியலறைகூட இல்லாத மேல்மாடி வீடொன்றுக்குக் குடிபெயர்ந்தது. வேலைக்காரி வைத்துக்கொள்ளும் வசதியும் விரைவில் மறைந்தது. தந்தை தம் இரு பெண்களையும் நோக்கி, உங்களுக்குச் சீதனம் இல்லை, ஆகவே மணமும் இல்லை, உழைத்துத்தான் உண்ணவேண்டும் என்று அறிவித்தார்.

இவ்வறிவிப்பைப் பெண் விடுதலையின் சாசனமாக யாரும் பிழைபட விளங்கிக்கொள்ளலாகாது. அது பெருந்தன்மையிலிருந்து பிறந்ததன்று, கசப்பிலிருந்து பிறந்தது. உத்தியோகம் பார்க்கும் மகள் அவர் கண்ணுக்குத் தம் வீழ்ச்சியின் நடமாடும் விளம்பரம். அவளைப் படிக்க அனுப்பியவரும் அவரே. படித்து முன்னேறியபோது முகஞ் சுளித்தவரும் அவரே. இம்முரண்பாட்டைப் பூவா குற்றஞ்சாட்டும் தொனியின்றி, ஏறத்தாழக் கணக்குப்பிள்ளை ஒருவரின் நிதானத்துடன் பதிவுசெய்கிறார்.

சீதனம் என்ற சொல்லை யாழ்ப்பாணத்து வாசகருக்கு விளக்கவேண்டிய தேவையில்லை. இப்பகுதியை மேல்வகுப்பு மாணவிகளுக்கு ஒருநாள் எடுத்துச் சொன்னபோது பின்வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அப்ப சீதனம் இருந்திருந்தா அவ ஒண்டும் எழுதியிருக்க மாட்டாவோ, ரீச்சர்?" வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இந்நூலைப் பற்றிய மிகக் கூர்மையான விமர்சனம் அக்கேள்வியில் அடங்கியிருந்தது. அதற்கு விடை நூலின் பிற்பகுதியில் உள்ளது. அங்கே மீண்டும் வருவேன்.

முதலில், கடமை தவறாத மகள் எப்படியிருந்தாள் என்பதைப் பார்க்கவேண்டும். பாடசாலையிலே தாய்மார் பின்னல் வேலையுடன் வகுப்பினுள்ளேயே உட்கார்ந்திருப்பர். பிள்ளைகளின் பாடத்தைக் கண்காணிப்பதற்காகவே பிரான்சுவாஸ் இலத்தீனும் ஆங்கிலமும் கற்றுக்கொண்டார். மகள் படிக்கும் புத்தகத்தில் தகாத பகுதி இருப்பின் அப்பக்கங்களைக் குண்டூசியாற் சேர்த்துக் குத்திவிடுவார். எச்.ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' நாவலில் ஓர் அத்தியாயம் இவ்வாறு குத்தப்பட்டிருந்தது. அந்த ஊசியைச் சிறுமி ஒருபோதும் கழற்றவில்லை. உள்ளே என்னதான் இருக்கும் என்று யோசித்தாள், ஆனால் கழற்றவில்லை. கிளர்ச்சிக்காரியின் இளமைக் கதைகளில் ஊசியைக் கழற்றும் காட்சிக்காகவே வாசகர் காத்திருப்பர். இங்கு அக்காட்சி இல்லாமையே உண்மையின் முத்திரை. பணிவு என்பது வெளியிலிருந்து குத்தப்பட்ட ஊசி மட்டுமன்று என்பதை இதனிலும் சுருக்கமாகக் கூற இயலாது.

பின்னொரு நாள், தாயுடன் சேர்ந்து பாத்திரங் கழுவுகிறாள். தாய் கழுவ, மகள் துடைக்கிறாள். யன்னலுக்கு வெளியே வேறு வீடுகளின் குசினி யன்னல்கள் தெரிகின்றன. அவற்றிலும் பெண்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டும் மரக்கறி நறுக்கிக்கொண்டும் நிற்கின்றனர். நேற்றும் இதுவே, நாளையும் இதுவே. தன் வாழ்வு ஏதோ ஓரிடத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்று அக்கணத்தில் அவள் தனக்குள் உறுதிசெய்கிறாள். நூல் முழுவதிலும் என்னை மிகவும் நிறுத்திவைத்த பக்கம் இது. இதைப் பெண்ணிலைவாதத்தின் வித்து என்று கூறிவிடுவது எளிது. ஆனால் கவனித்துப் பார்த்தால், சிறுமி எடுத்த முடிவு அப்பெண்கள் அனைவரையும் பற்றியதன்று. தன்னை மட்டும் பற்றியது. நான் இவர்களைப்போல் ஆகமாட்டேன் என்பதே அது. 'இவர்கள்' ஏன் இப்படியிருக்கின்றனர் என்ற கேள்வி எழுவதற்கு இன்னும் முப்பதாண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

தனியொருத்தியின் விலக்கு என்பதே இந்நூலின் மையச் சரடு எனலாம். தந்தை மகளின் கெட்டித்தனத்தைப் பாராட்ட விரும்பும்போது அவளுக்கு ஆணின் மூளை என்பார். மகள் அதைப் பெருமையாகவே ஏற்றுக்கொள்கிறாள். பதினான்காம் வயதில், நாட்டுப்புறத்தில் கழித்த விடுமுறையொன்றின்போது, கடவுள் நம்பிக்கை அவளைவிட்டு நீங்குகின்றது. அதையும் தாய்க்குச் சொல்லாமற் கூட்டமாகப் பூசைக்குச் சென்றுவருகிறாள். பின்னர் மெய்யியல் படிக்க விரும்பியபோது, பாடசாலைப் பெண்மணிகள் தாயை எச்சரிக்கின்றனர்: சோர்போனில் ஓராண்டு கழிந்தால் விசுவாசம் போய்விடும். போவதற்கு அங்கே எதுவும் மிச்சமிருக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. எனினும் முதலில் இலக்கியமும் கணிதமும் படித்துவிட்டே மெய்யியலுக்கு வரமுடிந்தது.

காலமும் அவளுக்குத் துணைநின்றது. 1924 இற் பிரெஞ்சு அரசின் ஆணையொன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடைநிலைக் கல்வித் திட்டத்தைச் சமப்படுத்தியது. பல்கலைக்கழகக் கதவு அவளுக்கு முந்திய தலைமுறையினர் தட்டித் திறந்துவைத்தது. இதற்குப் போராடிய பெண்களுக்கு நூலில் நன்றி கூறப்படவில்லை. 1929 இல், நாட்டிலேயே மிகக் கடினமான மெய்யியல் ஆசிரியத் தேர்வில், இருபத்தொரு வயதில், இரண்டாமிடத்தில் தேறினாள். முதலிடம் சார்த்தருக்கு, அவர் முந்திய ஆண்டு அதே தேர்விற் தவறியவர் என்பதையும் சொல்லிவைக்கலாம். இத்தேர்வில் தேறிய பெண்ணுக்குப் பிரான்சில் வாக்குரிமை இல்லை. அது 1944 இலேயே கிடைத்தது. இலங்கைப் பெண்கள் 1931 இல் வாக்களித்துவிட்டனர். வடபகுதி அத்தேர்தலைப் பகிஷ்கரித்தது வேறு கதை. வாக்கில்லாக் குறை இந்நூலின் நாயகியை உறுத்தியதாகவும் தெரியவில்லை. விதிவிலக்குப் பெற்றவருக்கு விதி எவ்வாறு கண்ணிற் படும்?

இவ்விடத்தில் ஒரு குறையையும் கூறவேண்டும். ஒன்றுவிட்ட சகோதரன் ஜாக் என்பவன்மீது கொண்ட மயக்கத்தை விவரிக்கும் பக்கங்கள் அளவுக்கு மிஞ்சி நீண்டுவிட்டன. நாட்குறிப்பை அருகில் வைத்துக்கொண்டு எழுதுபவர்களுக்கு நேரும் விபத்து இது.

வர்க்கப் பார்வை பற்றி நம் விமர்சகர்கள் கேட்பார்கள்; கேட்கவேண்டியதும் முறையே. குழந்தைப் பருவத்தில் தன்னை வளர்த்த லுயீஸ் என்ற பணிப்பெண், கூரை வேலைசெய்பவன் ஒருவனை மணந்து ஆறாம் மாடியிலுள்ள ஒற்றை அறையிற் குடியிருக்கிறாள். சிமோன் தாயுடன் அங்கே செல்கிறாள். ஒரே நடைபாதையில் ஒன்றுபோலப் பல கதவுகள், ஒவ்வொரு கதவின் பின்னும் ஒரு குடும்பம். சில காலத்தில் லுயீஸின் குழந்தை இறந்துவிடுகின்றது. சிறுமி மணிக்கணக்காக அழுகிறாள். பிறகு கண்ணீர் காய்கின்றது. சமூகத்தின்மீது எந்தக் கேள்வியும் எழவில்லை. இதை மறைக்காது எழுதியதற்காக ஆசிரியையை மதிக்கவேண்டும். பல்கலைக்கழக நாட்களில் றொபேர் கரிக் என்ற ஆசிரியர் தொழிலாளரிடையே கல்வி பரப்பும் குழுக்களை அமைத்தபோது, அவளும் பெல்வில் பகுதிக்குச் சென்று இளந் தொழிலாளப் பெண்களுக்கு இலக்கியம் படிப்பித்தாள். மேலிருந்து கீழே இறைக்கப்படும் கலாசாரத்தின் வெறுமையை விரைவிற் கண்டுகொண்டாள். ஆனால் கண்டுகொண்டு விலகினாளேயன்றி, அப்பெண்களிடமிருந்து கற்க எதுவுமுண்டு என்று நினைத்தாளில்லை. நல்ல வாசகர் இவ்விரு பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தல் வேண்டும்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். சீதனம் இருந்திருந்தால்?

சீதனம் இருந்த பெண்ணொருத்தியின் கதையும் இந்நூலிலேயே உள்ளது. பாடசாலையில் சிமோனுக்கு அருகில் வந்து அமர்ந்தவள் எலிசபெத். செல்லப் பெயர் ஸாஸா. நூலில் அவள் குடும்பப் பெயர் மாபிய் என மாற்றப்பட்டுள்ளது. உண்மைப் பெயர் லக்குவான். ஒன்பது பிள்ளைகள், நிலபுலம், திருச்சபைப் பற்று, ஊர் மதிப்பு அனைத்தும் நிறைந்த குடும்பம். ஸாஸா சிமோனை விடத் துணிச்சல்காரி. வயலின் வாசிப்பாள், ஆசிரியைகளைப்போல நடித்துக் காட்டுவாள், சிரிக்காமற் சிரிக்கவைப்பாள். இருவரையும் ஒப்பிட்டு, யார் பின்னாளில் உலகறிந்த எழுத்தாளராவார் என்று கேட்டால் வகுப்பில் எல்லோரும் ஸாஸாவையே காட்டியிருப்பர். ஆனால் அவ்வீட்டுப் பெண்களுக்கு விதிக்கப்பட்ட பாதை இரண்டே: மணம் அல்லது கன்னியர் மடம். விருந்தினர், தேநீர், உறவினர் வருகை, பொருத்தம் பார்த்தல் என நாள் முழுவதும் நிறைந்திருக்கும். ஒருமுறை இக்கடமைகளிலிருந்து சில நாள் தப்புவதற்காக ஸாஸா விறகு வெட்டும்போது கோடரியால் தன் காலையே வெட்டிக்கொள்கிறாள். படுக்கையிலே கிடந்தபோதுதான் அவளுக்குத் தனிமை கிடைத்தது. ஒரு பெண் தன் நேரத்தைப் பெற என்ன விலை கொடுக்கவேண்டும் என்பதைப் பற்றி இக்காட்சியைவிடக் கொடிய காட்சியை நான் வேறெங்கும் படித்ததில்லை. இதில் வில்லன் யாருமில்லை. தாய் மகளை நேசிக்கிறாள். மகள் தாயை அதனிலும் நேசிக்கிறாள். அந்த நேசமே கயிறு.

ஸாஸா காதலித்த இளைஞன் நூலிற் பிரதெல் என்ற பெயருடன் வருகிறான். அவர் பின்னாளிற் புகழ்பெற்ற மெய்யியலாளரான மொரிஸ் மெர்லோ பொன்ரி. தாய் மகளைப் பேர்லினுக்கு அனுப்பிப் பிரித்துவைத்தார். இளைஞன் காலம் தாழ்த்தினான். 1929 நவம்பர் 25 இல், மூளைக் காய்ச்சலால், இருபத்தொரு வயதில் ஸாஸா இறந்தாள். நூல் அவளுடைய சாவுடன் முடிகின்றது. தோழி விடுதலையடைந்த அதே ஆண்டில் அவள் மண்ணுக்குப் போனாள் என்பதே பூவாவை நெடுங்காலம் வாட்டிய கணக்கு. நூல் வெளிவந்த பின்னரே ஸாஸாவின் சகோதரி மூலம் அவருக்கு முழு உண்மை தெரியவந்தது. மணமகனின் குலம் விசாரிக்கப் பெற்றோர் துப்பறிவோரை அமர்த்தியிருந்தனர்; அவர் தாயின் மணத்துக்குப் புறம்பாகப் பிறந்தவர் என்பது வெளிப்பட்டது; அவருடைய தாயின் மானங் கருதி அவர் விலகிக்கொண்டார். கோழையென நூலிற் பழிக்கப்பட்டவர் இன்னொரு பெண்ணின் பெயரைக் காப்பதற்காக மௌனமாயிருந்தவர். ஒரு பெண்ணின் 'கற்பு' இரண்டு குடும்பங்களுக்கிடையே மூன்று பேரை நசுக்கியது. கலியாணம் பேசும்போது குலம் கோத்திரம் விசாரிக்கும் நம் ஊர்களில் இதற்குப் பொழிப்புரை வேண்டியதில்லை. இத்தோழமையைக் கதையாக்கிப் பூவா 1954 இல் எழுதிப் பின் வெளியிடாது வைத்த சிறு நாவல் 2020 இல் அச்சேறியது. நான்கு முறைக்கு மேல் அவர் இக்கதைக்குத் திரும்பினார் என்று கூறப்படுவதை நோக்கும்போது, எத்தனை முறை எழுதியும் அது தீரவில்லை என்பது புலப்படும்.

ஆகவே மாணவிக்கு நான் சொன்ன விடை இது: சீதனம் இருந்தவளும் திறமைசாலியே, அவளிடம் சீதனமும் இருந்தது, தாயின் அன்பும் இருந்தது, அதனால் அவளை யாரும் உழைக்க விடவில்லை. சிமோனைத் தப்பவைத்தது அவளுடைய கொள்கையன்று; குடும்பத்தின் வறுமை. அதனை உணர்ந்துகொண்டபோதுதான், தன் தப்பிப் பிழைத்தலைத் தன் திறமையென்று எண்ணுவதை அவர் நிறுத்தினார். அந்த உணர்வு நூலின் கடைசிப் பக்கங்களில் வலியாக இருக்கின்றது, இன்னும் கருத்தாகவில்லை.

அது கருத்தானது மிகப் பிந்தியே. போர் முடிந்தபின் தம்மைப் பற்றி எழுத எண்ணியபோது, பெண்ணாயிருந்தது தமக்கு எவ்வகையில் முக்கியமாயிற்று என்ற கேள்வி எழுந்தது. எவ்வகையிலும் இல்லை என்பதே அவருடைய முதல் விடை. நீ ஓர் ஆண்பிள்ளையைப்போல வளர்க்கப்படவில்லையே, சற்று எண்ணிப் பார் என்று சார்த்தர் சுட்டிக்காட்ட, அவர் நூல்நிலையத்துக்குச் சென்றார். விளைவு 'இரண்டாம் பால்'. அந்நூலை 1953 இல் ஆங்கிலப்படுத்திய பார்ஷ்லி என்ற விலங்கியற் பேராசிரியர் பெண்களின் வரலாற்றைக் கூறும் பல பக்கங்களை வெட்டியெறிந்தார். முழுமையான ஆங்கில ஆக்கம் 2009 வரை வரவில்லை. நம்மிற் பலர் அரைநூற்றாண்டாக விவாதித்தது நறுக்கப்பட்ட நூலையே.

அங்கும் அவர் தம்மைப் பெண்ணிலைவாதியென அழைத்துக்கொள்ளவில்லை. சோசலிசம் மலரும்போது பெண்ணடிமை தானாகவே நீங்கும் என்பதே 1949 இல் அவருடைய முடிபு. நம் முற்போக்கு முகாமில் இன்றும் பலருக்கு அதுவே வேதவாக்கு. மேடையிலே அதனைக் கூறிவிட்டு வீட்டுக்குப் போய் மனைவி வைத்த சோற்றை உண்பர். பூவா அந்நிலையிலே தங்கவில்லை. 1971 இல், சட்டம் தண்டிக்கக்கூடிய கருச்சிதைவைத் தாமும் செய்துகொண்டதாக அறிவித்த 343 பெண்களின் பிரகடனத்தில் அவர் ஒப்பமிட்டார். மறு ஆண்டு ஜெர்மன் பத்திரிகையாளர் அலிஸ் சுவார்சருக்கு அளித்த செவ்வியில், சோசலிசம் தானாக இதனைத் தீர்த்துவிடும் என்று நம்பியது தவறு, இப்போதைய நிலைமையை மாற்றுவதற்குப் பெண்கள் தாமே போராடவேண்டும், நான் பெண்ணிலைவாதி என்ற பொருள்படக் கூறினார். அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு. சோசலிசத்தை அவர் கைவிடவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும், காத்திருப்பதைத்தான் கைவிட்டார். இத்தகைய பாதையை நம் கதைகளின் மூன்று பக்கங்களுக்குள் அடக்க இயலாது.

இறுதியாக ஒன்று. 'கடமை தவறாத மக'ளைப் படிப்பவர் அதன் ஆறாண்டுகளுக்குப் பின், 1964 இல், பூவா தம் தாயின் மரணத்தைப் பற்றி எழுதிய சிறு நூலையும் சேர்த்தே படித்தல் வேண்டும். முதல் நூலில் தாய் ஏறத்தாழச் சிறைக்காவலர். மகள் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரும் அவளுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிப்பவர். இரண்டாம் நூலில் அதே பெண்மணி, தகப்பன் கொடுக்கத் தவறிய சீதனத்துக்காகக் கணவன் தன்னைக் குறைகூறவில்லை என்பதற்கே வாழ்நாள் முழுவதும் நன்றியுடையவராக இருந்தவர். குண்டூசி குத்திய கைகளை மகள் இப்போதுதான் பார்க்கிறாள். 1941 இற் கணவர் இறந்தபோது பிரான்சுவாஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. அவர் பரீட்சைக்குப் படித்தார், சான்றிதழ் பெற்றார், செஞ்சிலுவைச் சங்கத்தில் உதவி நூலகராக வேலைக்குச் சேர்ந்தார். வேலைக்குப் போய்வருவதற்காக அந்த வயதிற் சைக்கிள் ஓடவும் பழகிக்கொண்டார்.